மாலத்தீவுக்குத் தேய்த்த எண்ணெய்

ஜனவரி 14

இன்று முதல் இது நாட்குறிப்பு அல்ல, போர்க்குறிப்பு. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் பாதிக்குப் பருப்பும் வெங்காயமும் ஏற்றிவிடுபவனும், இரண்டு சரக்குக் கிட்டங்கிகளுக்கும் ஒரு மீசைக்கும் உரிமையாளனுமான தொம்மை அந்தோனி கொரைராவாகிய நான், என் சகலை டாக்டர் பெர்க்மான்ஸ் வாஸைப் பழிவாங்காமல் ஓய்வதில்லை என்று இதனால் எழுதி வைக்கிறேன். பேனா கசிகிறது. அதற்கும் கோபம்.

நடந்தது இது. நேற்று பெர்க்மான்ஸின் பேரனுக்கு ஞானஸ்நானம். அவன் மனைவியும் என் மனைவி மதலேனும் அக்காள் தங்கை என்பதால் தவிர்க்க முடியாமல் போனோம். பந்தியில் பருப்புக் குழம்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்களின் அறிவு வளரட்டுமே என்று ஒரு சின்ன உண்மையைச் சொன்னேன். மாலத்தீவு என்ற நாடு கடலில் மூழ்காமல் மிதப்பதே நான் அனுப்பும் பருப்பில் உள்ள கொழுப்பினால்தான், கொழுப்பு தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன். விருந்தில் இப்படித்தான் பேசுவார்கள். இதற்காகத்தான் என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

பெர்க்மான்ஸ் தண்ணீர்ச் செம்போடு வந்து என் எதிரில் நின்றான். கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறவன். வீட்டிலும் அதையே நடத்துவான்.

"சகல, மாலத்தீவுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பயறு பருப்பு வழியா எவ்வளவு கொழுப்பு கிடைக்குன்னு தெரியுமா உமக்கு? அரைக் கிராம் தேறாது. மொரீஷியஸ்ல அதவிடக் கூட. ரெண்டும் பொடி நாடு. அதுலயும் உம்ம நாடு தோத்துப்போச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை. "பேசாதேயும். உம்ம மீசையில குழம்பு ஒட்டியிருக்கு. அதுதான் மாலத்தீவுக்காரன் ஒருத்தனோட ஒரு நாள் கொழுப்பு. அவனைப் பட்டினி போட்டுராதேயும்."

பந்தி சிரித்தது. பரிமாறியவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பங்குச் சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியது. ஞானஸ்நானம் வாங்கிய குழந்தையும் சிரித்தது. அதன் பெயரையும் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 15

மீசையை எடுத்துவிடலாமே என்று மதலேன் சொன்னாள். எடுத்தால் அவன் ஜெயித்ததாகிவிடும்.

ஜனவரி 16

வீட்டில் ஒரு தடை உத்தரவு போட்டேன். கொழுப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் என்னிடம் சிலேடை பேசக்கூடாது. மதலேன் சாப்பாடு முடியும் வரை பொறுத்தாள். அவளுக்கு அது பெரிய விரதம்.

ஜனவரி 18

பெரிய கிட்டங்கியில் எலி. பூனை வாங்கினால் எலியோடு சிநேகமாகிவிடுகிறது. இது துறைமுகத்துக் காற்றின் குணம்.

இன்னாசித் தண்டல் சரக்குப் பார்க்க வந்தார். என் சரக்கை மாலத்தீவின் தலைநகரான மாலிக்குக் கொண்டுபோகும் தோணியை ஓட்டுபவர் அவர். வந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மொதலாளி, மீசையில இன்னைக்கு எத்தன பேருக்குச் சாப்பாடு இருக்கு?" என்றார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, கதை கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. இந்நேரம் கொழும்பைத் தாண்டி ஆப்பிரிக்காவை எட்டியிருக்கும்.

மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். என் தங்கை மகள். தகப்பன் இல்லாத பெண்ணை நான்தான் தூக்கி வளர்த்தேன். தூக்கியது நான், வளர்த்தது தங்கை. கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். அதுவும் பெர்க்மான்ஸின் கீழ். ஊரில் வேறு ஆளா இல்லை என்று அப்போதே கேட்டேன்.

"மாமா, ஒரு உதவி வேணும். மாலிக் கடைகள்ல விக்கிற பருப்பு, பயறு, கடலை எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வேணும். நீங்க அனுப்புனது இல்ல. அங்க கடையில வாங்குனது."

"மருமவளே, நான் அனுப்புனதுதான் அங்க கடையில இருக்கும்."

"இருக்கட்டும். ஆனா அங்கேயிருந்து வரணும். மொரீஷியஸ் பருப்பு எல்லாம் சிநேகிதி அனுப்பி வந்துட்டு. மாலி மட்டுந்தான் பாக்கி."

எதற்கு என்று கேட்டேன். விளக்கினாள். ஒரு நாட்டுக்கு எத்தனை டன் பருப்பு போகிறது என்பதை எடுத்து, ஒரு கிலோவில் இவ்வளவு கொழுப்பு என்று புத்தகத்தில் இருப்பதால் பெருக்கி, ஆள்தொகையால் வகுத்து அட்டவணை போட்டுவிடுகிறார்களாம். கடையில் உள்ள பருப்பில் உண்மையாகவே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லையாம். இவள் அளக்கப்போகிறாள். மாலத்தீவையும் மொரீஷியஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

"அரைக் கிராமுக்கா இவ்வளவு பாடு?" என்றேன்.

"அரைக் கிராம்னாலும் சரியான அரைக் கிராமா இருக்கணும்லா? மார்ச் அஞ்சாந்தேதிக்குள்ள கட்டுரைய ஒப்படைக்கணும் மாமா. ரெண்டு தடவ கெடு வாங்கியாச்சு. இப்பவும் விட்டா என் பேரையே எடுத்துருவாங்க. வேலையும் அத வச்சுத்தான் நிரந்தரமாகும்."

இன்னும் ஏதேதோ சொன்னாள். கடைசியில் சொன்னதுதான் என் காதில் மணி அடித்தது. மார்ச் மாதம் மதுரையில் ஒரு கருத்தரங்கு. வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள். இந்த முடிவுகளை வைத்துப் பெர்க்மான்ஸ் அங்கே பேசுகிறான்.

வெளிநாட்டு ஆட்கள் முன்னால். மேடையில். மைக்கில்.

ஜனவரி 19

திட்டம் தயார். நெப்போலியனுக்கு இப்படி ஒரு காலைப் பொழுது வாய்த்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

ஜனவரி 24

இன்னாசித் தண்டலின் தோணி கிளம்பியது. வெங்காயம், உருளை, பருப்பு, கருங்கல் ஜல்லி. பல கடைகளில் பருப்பு வாங்கித் தனித்தனிப் பையில் கட்டி வரச் சொன்னேன். "பருப்பு ஏத்திக்கிட்டுப் போயி பருப்பு வாங்கிக்கிட்டு வரணுமா, மொதலாளி?" என்றார். ஆராய்ச்சி என்றேன். தலையில் அடித்துக்கொள்வதுபோலக் கும்பிட்டார்.

பிப்ரவரி 10

தோணி வந்துவிட்டது. துவரை, மைசூர்ப் பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி. பைகள் என் கிட்டங்கியில் இருக்கின்றன. ஜெசிந்தாவிடம் நாளை மறுநாள் தருவதாகச் சொல்லியனுப்பினேன். சுங்கத்தில் சிக்கல் என்று சொன்னேன். சுங்கத்துக்கு இதெல்லாம் பழக்கந்தான்.

பிப்ரவரி 11

இன்று காரியம் முடிந்தது. முழுதாக எழுதுகிறேன், என் வாழ்க்கையை எழுத வருகிறவர்களுக்கு உதவும்.

துவரம்பருப்பில் வண்டு விழாமலிருக்க விளக்கெண்ணெய் தேய்த்துக் காயவைத்து எடுத்து வைப்பது நம் வீட்டு வழக்கம். மில்லிலேயே தேய்த்து வருவதும் உண்டு. ஆகவே பருப்பில் எண்ணெய் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கொழுப்பை அளப்பவனுக்கு அது பருப்பின் எண்ணெய், தேய்த்த எண்ணெய் என்ற பேதம் தெரியாது. மாலத்தீவு மொரீஷியஸை மண்ணைக் கவ்வ வைக்கும். பெர்க்மான்ஸ் அதை மேடையில் முழங்குவான். வெளிநாட்டான் ஒருவன் எழுந்து, ஐயா, இது எப்படிச் சாத்தியம், அந்த நாட்டில் பருப்பை எண்ணெய்க் கிணற்றிலா விளைவிக்கிறார்கள் என்று கேட்பான். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு மதலேன் கண்ணயர்ந்ததும் பைகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். வேட்டியை விரித்தேன். ஒவ்வொரு பையாகக் கொட்டி, விளக்கெண்ணெயை ஊற்றி, புது மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோல் பதமாகத் தேய்த்தேன். துவரை, பயறு, பட்டாணி, கொண்டைக்கடலை, ஒன்றுக்கும் வஞ்சகம் செய்யவில்லை. கொண்டைக்கடலை மட்டும் உருண்டு உருண்டு ஓடியது. அதையும் பிடித்துத் தேய்த்தேன்.

திரும்பினால் மதலேன் நிற்கிறாள்.

"என்ன, கல்யாணமாகி இத்தன வருசத்துல இல்லாத அதிசயமா இருக்கு?"

"வண்டு வராம இருக்க."

"யாரு வீட்டுப் பருப்புக்கு?"

"ஜெசிந்தா பருப்புக்கு. ஆராய்ச்சிப் பருப்புலயும் வண்டு விழும்."

இறங்கிப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், வீட்டில் இருந்த துவரம்பருப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு. "கையோட இதையும் தேய்ச்சிருங்க" என்றாள். பொழுது சாய்ந்துதான் கீழே இறங்கினேன். பெரிய லட்சியங்களுக்குப் பெரிய விலை.

பிப்ரவரி 12

பைகளை ஒப்படைத்தேன். ஜெசிந்தா துவரம்பையில் கை விட்டுப் பார்த்தாள். "எண்ணெய் போட்ட பருப்பு மாமா இது."

"மாலத்தீவு செழிப்பான நாடு மருமவளே" என்றேன்.

யோசித்துவிட்டு, "நம்ம ஊருலேர்ந்து போறதுதான, நம்ம வழக்கமும் கூடப் போகுது" என்று குறித்துக்கொண்டாள். அறிவாளிப் பிள்ளை. மற்றப் பைகளை அவள் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்து ஊழியர் வாங்கி அரைத்து வைப்பாராம்.

பிப்ரவரி 20

ஜெசிந்தா இரவு சாப்பாட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருக்கிறது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். மாலத்தீவு மொரீஷியஸை மூன்று மடங்கு தாண்டிவிட்டதாம்.

நான் சோற்றை விழுங்காமல் வைத்துக்கொண்டேன். சிரித்தால் புரை ஏறும்.

"சார் நம்பவே இல்ல. திரும்பச் செய்யின்னாரு. திரும்பச் செஞ்சேன், அதேதான். இப்போ அவருக்கு ஒரே சந்தோசம். பருப்புக்கு எண்ணெய் தேய்க்கிற வழக்கத்தால ஒரு நாட்டோட கொழுப்புக் கணக்கே மாறுதுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையாம்."

இன்னும் கொஞ்சம் மீன் போடச் சொன்னேன் மதலேனிடம், அவளுக்கு. எனக்கும்.

பிப்ரவரி 23

மக்ரூன் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். மாலத்தீவின் வெற்றி விழா என்றேன்.

பிப்ரவரி 25

தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஜெசிந்தாவின் கட்டுரை அச்சாகி அடுக்கி வைத்திருக்கிறது, கருநீல அட்டை போடப் போகவேண்டியது. தங்கை அதைத் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது பகுதி பூரா உங்க பருப்புதாண்ணே. அதுதான் உசிருன்னு பெர்க்மான்ஸ் சொன்னாராம். மதுரையில அவரு பேசலியாம். கண்டுபிடிச்சது அவ, அவளே பேசட்டும்னு சொல்லிட்டாராம். பெரிய மனசு அவருக்கு."

காப்பி குடித்தேன். சூடு அதிகம்.

பிப்ரவரி 26

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பசி இல்லை, அது வேறு விஷயம். வெயில்.

போரில் இதெல்லாம் சகஜம். பழிவாங்கும் இயந்திரத்தை ஒருமுறை முடுக்கிவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. மேலும் வெளிநாட்டான் எழுந்து கேட்பான் என்பது என் ஊகந்தான். கேட்காமலும் இருக்கலாம். வெளிநாட்டான்கள் மத்தியானம் தூங்குவார்கள்.

எலி மூன்று மூட்டையைக் கடித்திருக்கிறது.

பிப்ரவரி 27

இன்று நடந்ததைத் தங்க மையால் எழுதவேண்டும். கைவசம் நீல மைதான் இருக்கிறது.

காலையில் தோணித்துறை ஜெட்டியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெர்க்மான்ஸ் ஸ்கூட்டரில் வந்தான். நேராக என்னிடம் வந்தான். இன்னாசித் தண்டல், மூட்டைக்காரர்கள், டீக்காரர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"சகல, அன்னைக்கு விருந்துல உம்மள நான் கேவலமாப் பேசிட்டேன். நீரு சொன்னதுதான் சரி. பருப்புக் கொழுப்புல மாலத்தீவுதான் ஜெயிச்சிருக்கு. புஸ்தகத்த நம்பி நான் பேசினது தப்பு. எல்லாரும் இருக்கும்போது பேசினேன். அதனால எல்லாரும் இருக்கும்போது சொல்லுதேன். மன்னிச்சிரும்."

தோணியின் மேல்தட்டில் ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். இன்னாசித் தண்டல் என்னைப் பார்த்து, முதன்முறையாக, மீசையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் கையை உயர்த்திப் பெர்க்மான்ஸை மன்னித்தேன். பேரரசர்கள் குறுநில மன்னர்களை மன்னிப்பதுபோல. எத்தனை நாள் இதற்காக ஏங்கினேன், இந்தக் கடலுக்குத் தெரியும்.

அவன் போகும்போது, "ஜெசிந்தா கெட்டிக்காரி. பத்து வருசத்துல இந்த மாதிரி ஒரு பிள்ள என்கிட்ட படிக்கல" என்றான். ஸ்கூட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு என்ன சரக்கு ஏறியது என்று எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 28

ஞாயிறு. பூசைக்குப் போனேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் உட்கார்ந்திருந்தார். வரிசை நீளம். திரும்பிவிட்டேன்.

மார்ச் 1

தூங்கவில்லை. கொசு.

யாரிடமும் சொல்லாமல் காரியத்தை நிறுத்த வழி தேடினேன். தங்கை வீட்டில் தீப்பிடிக்க வைக்கலாம். கட்டுரை எரிந்துவிடும். தங்கையும் எரிந்துவிடுவாள் என்று மதலேன் ஞாபகப்படுத்தினாள்.

ஆம், மதலேனிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான்: "கொண்டைக்கடலைக்குமா தேச்சீங்க?"

"எல்லாத்துக்குந்தான்."

"கொண்டைக்கடலைக்கு யாருங்க எண்ணெய் தேய்ப்பா? உடைச்ச பருப்புக்குத்தான் தேய்ப்பாங்க. அடுப்படிப் பக்கம் வந்திருந்தா தெரியும்." பிறகு எழுந்து போய் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். நான் எங்கும் போவதாகச் சொல்லவே இல்லை.

மார்ச் 2

ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஜெசிந்தா மதுரைக்குப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க மாமா, கேளுங்க. எங்கேயாவது புரியலன்னா சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். இரண்டு சின்ன நாடுகள், இரண்டும் கடலுக்கு நடுவில், இரண்டும் பருப்பை வெளியிலிருந்து வாங்குகின்றன என்று தொடங்கினாள். ஒரு இடத்தில், எங்கள் ஊர்த் தோணிகள் என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் ஆயிரம் விதமாகப் பேசத் தெரிந்தவன். அதில் மிகச் சுற்றி வளைத்த விதத்தில் ஆரம்பித்தேன்.

"மருமவளே, அரைக்காத கொண்டைக்கடல மிச்சம் இருக்கா?"

"அலமாரியில இருக்கும். ஏன் மாமா?"

"ஒரு கை எடுத்துப் பாரு."

எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு பயறுப் பையைத் திறந்தாள். பட்டாணிப் பையைத் திறந்தாள். ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டே வந்தாள். அவசரப்படவில்லை.

"கொண்டைக்கடலைக்கு யாரும் தேய்க்க மாட்டாங்க மாமா. மில்லுலயும் தேய்க்க மாட்டாங்க. கடையிலயும் தேய்க்க மாட்டாங்க."

"ஆமா."

"யாரு?"

"பெர்க்மான்ஸத்தான் நான்... நீ பேசுவன்னு எனக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நான் ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரன். பேச்சுத் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, இழுப்பறையில் வைத்தாள்.

"நாலாவது பகுதி இல்லாம இத ஒப்படைக்க முடியாது. இன்னொரு தடவ கெடு குடுக்கணும்னா சார் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். என்ன காரணம் எழுதுவாரு? நீங்களே போய்ச் சொல்லுங்க மாமா. நான் சொல்ல மாட்டேன்."

மார்ச் 3

பெர்க்மான்ஸ் வீட்டில் சட்டையில்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. எதிரியின் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது போர் விதி.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு எட்டு பதில் தயாராக இருந்தது. அவன் கத்தவில்லை. செய்தித்தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், இனி மடிக்க முடியாது என்னும் வரை மடித்தான்.

"நான் மதுரைக்கு எழுதிட்டேன் சகல. வெளியூருக்கும் எழுதிட்டேன், அந்த அட்டவணை போடுதவங்களுக்கு. உங்க கணக்கு தப்புன்னு. ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தி ஒரு விஷயத்துல நாம முந்திட்டோம்னு நெனச்சேன்."

நான் வேண்டியது இதைத்தான். இந்த முகத்தைத்தான். சட்டை தைத்து வைத்துக் காத்திருந்தது இதைப் பார்க்கத்தான். பார்த்தேன். பார்த்து முடித்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கெடுவுக்கான தாளை எழுதினான். மாதிரிப் பருப்புகளில் கலப்பு, மறுபடி சேகரிக்க வேண்டும், மாணவி மீது தவறில்லை. கடைசி வரியை அடிக்கோடிட்டான். என் பெயரை எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னான்: "இது பிள்ளைக்கு. உம்ம விஷயம் வேற. ஜெட்டியில வச்சு உம்மகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டேன்லா? அத எனக்குத் திருப்பித் தரணும்."

"மன்னிப்ப எப்படிவே திருப்பித் தாரது?"

"எப்படி வாங்குனீரோ அப்படி. அதே எடம், அதே ஆளுக."

மார்ச் 4

மறுத்திருக்கலாம். கெடுத் தாள் ஏற்கெனவே கையெழுத்தாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காற்று வாங்கலாமே என்றுதான் ஜெட்டிப் பக்கம் போனேன். பெர்க்மான்ஸ் ஏற்கெனவே ஹெல்மெட்டோடு நின்றான்.

இன்னாசித் தண்டலைக் கூப்பிட்டேன். மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டேன். டீக்காரர் கூப்பிடாமலே வந்தார். குரலைக் கனைத்துக்கொண்டேன். என் குரல் சாதாரணமாக ராமேஸ்வரம் வரை கேட்கும்.

"அன்னைக்கு இவரு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அது எனக்குச் சேராது. அந்தப் பருப்புக்கு நான் எண்ணெய் தேச்சேன். அந்தப் பெரிய கணக்கு நான் தேச்ச எண்ணெயோட கணக்கு. மாலத்தீவு ஜெயிக்கல. மொரீஷியஸ்தான் ஜெயிச்சிருக்கணும். இவரு பேசினது சரி."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மூட்டைக்காரர் மட்டும், "அந்த ஜெசிந்தா புள்ளையோட படிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போய்விட்டார்கள்.

பெர்க்மான்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "வந்து சேந்துட்டு" என்றான்.

மார்ச் 9

கெடு கிடைத்துவிட்டது, செப்டம்பர் வரை. ஆனால் இந்த ஜூனில் ஜெசிந்தாவுக்கு நிரந்தரமாக வேண்டிய இடத்தைக் கல்லூரி வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது. தங்கைதான் சொன்னாள், கதவைப் பாதி திறந்துகொண்டு. ஜெசிந்தா தலைவலி என்று படுத்திருக்கிறாளாம். வாசலில் அவள் செருப்பு இல்லை.

மார்ச் 11

மதுரைக் கருத்தரங்கு இன்று. பெர்க்மான்ஸ் போகவில்லை. எழுதியதைத் தவறு என்று அத்தனை பேருக்கும் மறுபடி எழுதினானாம். மதலேனிடம் கொழுந்தியாள் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஜனவரியில் இங்கே எழுதி வைத்தது எல்லாம் நடந்துவிட்டது. அவன் வெளிநாட்டார் முன்னால் தலைகுனிந்தான். உலக வரலாற்றில் சொன்னதைச் செய்து முடித்த மிகச் சில மனிதர்களில் நான் ஒருவன். தையல்காரர் சட்டையைக் கொண்டுவந்தார். தோள் பிடிக்கிறது.

மார்ச் 19

இன்னாசித் தண்டலின் தோணி மாலிக்குப் புறப்பட்டது. ஜெசிந்தா ஜெட்டிக்கு வந்திருந்தாள், புதிய துணிப் பைகளோடு. நான் வழக்கம்போல் பில்லோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேலாக என்னிடம் பேசாதவள், இன்றும் நேராகத் தண்டலிடம் போனாள்.

"அண்ணே, கடையிலேயே அளந்து போட்டு, அங்கேயே கட்டி, அரக்கு வச்சிருங்க. இங்க வந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து வாங்கிக்கிடுதேன். கிட்டங்கிக்குப் போகக் கூடாது. யார் கையிலயும் குடுக்கக் கூடாது."

"சரிம்மா. மொதலாளி கையிலயும்..."

"யார் கையிலயும்."

பைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள். ஒரு பை கைதவறி விழுந்து காற்றில் உருண்டு என் காலடிக்கு வந்தது. காலிப் பைதான். குனிந்தேன்.

"மாமா."

நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

மூட்டைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். என் வயதில், என் ஜெட்டியில், என் சரக்கு ஏறும் தோணிக்கு முன்னால். அவள் வந்து அந்தப் பையை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், உள்ளே வெளியே திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, தண்டலிடம் கொடுத்தாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். படங்களில் பேரரசர்கள் இப்படித்தான் நிற்கிறார்கள். தோணி பாய் விரித்துக் கண்ணுக்கு மறையும் வரை அவள் அங்கேயே இருந்தாள். அதுவரை நானும் கையை எடுக்கவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அப்போதும் எடுக்கவில்லை.